புகார்: லா பால்மா மலையிடுக்கு நடைப்பயணம் சொன்னபடி நடக்கவில்லை

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர், சென்னை.

பொருள்: ஒரு நாள் நடைப்பயணக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

உங்கள் கேனரி தீவுகள் சுற்றுலாவில் நானும் என் மகளும் போன மாதம் வந்திருந்தோம். விமானம், தங்குமிடம், சாப்பாடு எதிலும் குறையில்லை. லா பால்மா தீவின் அங்குஸ்தியாஸ் மலையிடுக்கில் நடப்பதற்கென்று ஆளுக்கு 9,500 ரூபாய் தனியாக வாங்கினீர்களே, அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலையில் டாக்சியில் லோஸ் பிரெசிட்டோஸுக்கு ஏறி, தபுரியெந்தே கால்தேரா என்ற பெரிய மலைப் பள்ளத்துக்குள் இறங்கி, மலையிடுக்கு வழியாகவே திரும்பி வருவதாகத் திட்டத்தில் போட்டிருந்தீர்கள். தமிழ் பேசும் வழிகாட்டி வரலாறும் பழங்கதைகளும் சொல்வார் என்றும் இருந்தது. ஆனால் பஸ் தாமதமாகக் கிளம்பி, கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனபோதே மணி பதினொன்றரை. டாக்சிக்கு யாரும் சொல்லி வைக்கவே இல்லை. சரி என்று ஓடைப் படுகையிலேயே ஒன்றரை மணி நேரம் ஏறினோம். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி எல்லோரையும் திருப்பிவிட்டார். இரண்டு ஓடைகள் சேரும் தோஸ் அகுவாஸ்வரைகூடப் போகவில்லை.

அதனால் இடாஃபே பாறையைப் பார்க்க முடியவில்லை. நான் பணம் கட்டியதே அதற்காகத்தான். ஸ்பானியர் வருமுன் அங்கே வாழ்ந்த மக்கள், அந்தக் கல்தூண் சரிந்துவிடும் என்று அஞ்சி, பலியிட்ட விலங்கின் குடலை அதற்குப் படைத்தார்கள். படையலோடு போகும் இருவரில் ஒருவர் ‘இடாஃபே விழப்போகிறதாம்’ என்று பாட, மற்றவர் ‘கொண்டுவந்ததைக் கொடு, விழாது’ என்று பதில் பாடுவாராம். இதை அந்தப் பாறையைக் காட்டி மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காகக் காத்திருந்தேன்.

இன்னொன்று இதைவிட வருத்தமானது. அந்த மக்களின் தலைவன் தனாவுசு எப்படிப் பிடிபட்டான் என்று மகள் கேட்டாள். சண்டையில் தோற்றுச் சரணடைந்தான் என்றார் வழிகாட்டி. உண்மையில், கால்தேராவுக்குள் அவனை வெல்ல முடியாததால்தான் 1493-இல் ஸ்பானியப் படைத்தலைவர் அலோன்சோ பெர்னாண்டஸ் தே லுகோ சமாதானம் பேச வரச்சொல்லி, நம்பி வந்தவனை வழிமறித்துப் பிடித்தார். ஸ்பெயினுக்குப் போகும் கப்பலில் அவன் ‘வாகாகுவாரே’, அதாவது சாக விரும்புகிறேன், என்று சொல்லி உணவை மறுத்தே உயிர்விட்டான் என்கிறது மரபு. வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டவனை அவன் மண்ணிலேயே நின்றுகொண்டு சரணடைந்தவன் என்று சொல்லலாமா? மகள் மறுத்துச் சொன்னபோது, எல்லாம் பழைய கதைதானே என்று சிரித்துவிட்டுப் போனார்.

கால்தேரா வெடிப்பில் உண்டான குழி என்றும் சொன்னார். அது பெரும் மலைச்சரிவாலும் நீர் அரிப்பாலும் உருவானது. கடலடியில் உறைந்த தலையணை லாவா பாறைச் சுவரில் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது; அதைக்கூட அவர் காட்டவில்லை.

அப்புறம், மேலே மழை பெய்தால் அந்த ஓடையில் சட்டென்று வெள்ளம் வரும். அங்குள்ள தேசியப் பூங்காவின் எச்சரிக்கையைப் பார்த்தீர்களா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்றார். குழந்தைகளும் இருந்த குழு அது.

எங்கள் இருவருக்குமான 19,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அடுத்த குழுவுக்கு டாக்சியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அந்த வழிகாட்டிக்கு தனாவுசுவின் வரலாற்றைச் சரியாகச் சொல்லிக்கொடுத்த பிறகு அனுப்புங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். ரசீதையும் பயணத் திட்டத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்