நமது வாலிபால் சங்கம், கோத்தகிரி: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, விளையாட்டு வீரர்களே, வீராங்கனைகளே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போட்டி விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் அணி வட்டார அளவில் அரையிறுதி வரை சென்றது. மே மாதம் சுற்றுலா சீசன் என்பதால் டாக்ஸி ஓட்டும் நம் அண்ணன்மார் வர முடியவில்லை, பயிற்சி மெலிந்தே நடந்தது. படகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வழக்கம்போல் விடுமுறை விட்டோம். பழைய வலையை மாற்றிவிட்டோம்.

இந்த ஆண்டு நான் விரிவாகப் பதிவு செய்ய விரும்புவது, நம் வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்தைத்தான்.

வாலிபாலில் பந்தைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே தடுக்கும் பிளாக்கைத் தவிர்த்தால் ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு முறை தொடவும் கூடாது. மூன்று தொடுதலுக்குள் பந்து வலையைத் தாண்டியாக வேண்டும். எவ்வளவு பெரிய அட்டாக்கராக இருந்தாலும் இன்னொருவர் தூக்கிக் கொடுத்தால்தான் அடிக்க முடியும். அப்படிப்பட்ட ஆட்டத்தில், மழைக்காலத்துக்கு முன்பு பந்தைத் தூக்கிக் கொடுக்கும் நம் லிஃப்டருக்கும் அதை அடிக்கும் அட்டாக்கருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. வேண்டுமென்றே பந்தைத் தாழ்வாகக் கொடுக்கிறான் என்று ஒருவர் சொன்னார். எல்லார் முன்னிலையிலும் கத்துகிறான் என்று மற்றவர் சொன்னார். உட்கார வைத்துப் பேசிப் பார்த்தோம், சரிவரவில்லை.

அந்த நேரத்தில் பயிற்சியாளர் ஓர் ஏற்பாடு செய்தார். நம் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும் நடமாடுவது எல்லாருக்கும் தெரியும். இருட்டிய பிறகு யாரும் தனியாக வீடு திரும்பக் கூடாது, ஒரே திசையில் வீடு உள்ளவர்கள் சேர்ந்துதான் போக வேண்டும் என்றார். இவர்கள் இருவருக்கும் ஒரே வழி. டார்ச் அடித்துக்கொண்டு நடந்துபோன ஒரு மாலையில்தான் விஷயம் வெளியே வந்தது. லிஃப்டர் தம்பியின் அம்மா கோவையில் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இரவெல்லாம் அங்கே துணைக்கு இருந்துவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் மேலே வந்து, தோட்டத்தில் இலை பறித்துவிட்டு, அப்புறம் மைதானத்துக்கு வந்திருக்கிறார் தம்பி. நமக்கு யாருக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து பையன்கள் முறை வைத்துக்கொண்டு கோவைக்குப் போனார்கள். பச்சைத் தேயிலையை நாள் தள்ளினால் இலை முற்றிவிடும், விலை போகாது என்பது இங்கே எல்லார் வீட்டுக்கும் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சின்னத் தோட்டத்தில் பாதி அணி இறங்கி இலை பறித்தது. மூட்டையைச் சுமந்துபோய் எடை போட்டுக் கொடுத்தவர் அந்த அட்டாக்கர் தம்பி. யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. அம்மா நலமாகி இன்று நம்மோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சங்கத்தின் சார்பில் வணங்குகிறேன்.

பெண்கள் அணியில் ஆடும், செவிலியராக வேலை பார்க்கும் அக்கா ஒரு தகவல் சொன்னார். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். அங்கேதான் கணக்கில் அதிகத் தவறுகள் வந்தன. அந்தக் குழுக்களில் தவறை மறைக்காமல் சொல்லும் துணிவு இருந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். இதைக் கேட்ட பிறகு, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். கேப்டன் தன்னிடமிருந்து தொடங்குவார். ஆரம்பத்தில் சின்னப் பையன்கள் வாயே திறக்கவில்லை. இப்போது, "அண்ணே, அது என் பந்து, நான் கூப்பிடவே இல்லை" என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்கு இது கோப்பையைவிடப் பெரிய மகிழ்ச்சி. சீனியர்கள் சிலர் கோர்ட்டில் இன்னும் சத்தம் போடுகிறார்கள். அது நிற்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு வருகிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அதனால் சரிவை ஒட்டி வீடு உள்ள ஒவ்வொரு வீரருக்கும் இன்னொரு வீரரைப் பொறுப்பாக்கினோம். கனமழை பெய்தால் இரவில் ஒரு போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் பேச வேண்டும். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் பையன்களும் படகர் ஊர்களான ஹட்டிகளில் இருக்கும் பையன்களும் ஒருவர் வீட்டு மனிதர்களை இன்னொருவர் பெயர் சொல்லி விசாரிக்கும் பழக்கம் இதில்தான் வந்தது.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. கோவைக்குப் போய் வந்த பஸ் செலவை அந்தப் பையன்கள் தங்கள் கூலியிலிருந்து போட்டார்கள். இனி இப்படி அவசரம் வந்தால் எடுத்துக் கொடுக்க, சந்தாவில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்க வேண்டும். இதைத் தீர்மானமாகவே முன்மொழிகிறேன். பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசித்ததும் உறுப்பினர்கள் இதை விவாதித்து முடிவெடுக்க வேண்டுகிறேன்.

நன்றி.
செயலாளர்