ராணிப்பேட்டைக்குத் தண்டவாளம் இருக்கிறது, ரயில் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாலாஜா ரோடு ஸ்டேஷனிலிருந்து ராணிப்பேட்டைக்குள் வரும் பழைய சரக்குப் பாதையில் கொஞ்ச நாளாக ஆள் நடமாட்டம் தெரிகிறது. சீமைக்கருவேலத்தை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள், சில இடங்களில் புது ஜல்லி கொட்டிக் கிடக்கிறது, ஆரஞ்சு சட்டை போட்ட நாலைந்து பேர் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், "எங்களுக்கென்ன தெரியும் சார், கான்ட்ராக்டர் வரச் சொன்னார், வந்தோம்" என்கிறார்கள். ஓரிடத்தில் தண்டவாளத்தை உற்றுப் பார்த்தேன். பக்கவாட்டில் துரு பொரிந்துபோய் அப்படியே இருக்கிறது, ஆனால் தலைப்பகுதியில் ஒரு விரல் அகலத்துக்குத் துரு தேய்ந்து பளிச்சென்று ஒரு கோடு. ட்ராலியோ எஞ்சினோ, சக்கரம் வைத்த ஏதோ ஒன்று போய் வந்திருக்கிறது.

ஊருக்குள் அதற்குள் ஆளுக்கொரு கதை. சென்னைக்கு நேர் ரயில் வரப்போகிறது என்கிறார் ஒருவர், வெறும் சரக்கு வண்டிதான் என்கிறார் இன்னொருவர், தண்டவாளத்தையே பிடுங்கி பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சத்தியமே பண்ணுகிறார். வேலை செய்கிறவர்கள் ஒரு போர்டு வைத்திருந்தால் இந்தக் குழப்பம் எதுவும் வந்திருக்காது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் திறக்கப்பட்டது, அப்போது அதற்கு ஆற்காடு என்றுதான் பெயர். அங்கிருந்து ராணிப்பேட்டைக்குப் பிரிந்து வரும் இந்தக் கிளை பாரி கம்பெனியின் சரக்குக்குப் பயன்பட்ட பாதை. 1906இல் இங்கே சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்க ஆரம்பித்தார்கள், இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாறை பாஸ்பேட்டை அரைத்துக் கந்தக அமிலத்தில் போட்டுச் செய்கிற உரம் அது, உள்ளே வருகிற மூலப்பொருளும் கனம், வெளியே போகிற மூட்டையும் கனம், ரயில் இல்லாமல் அந்தக் காலத்தில் முடிந்திருக்காது. அப்புறம் லாரிகள் பெருகின, வேகன்கள் நின்றன, பாதை ஆடு மேய்க்கவும் வறட்டி காயவைக்கவும் ஆனது.

திண்டிவனம் – நகரி புதிய ரயில் பாதைத் திட்டம் 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. நம் அரக்கோணம் தொகுதி எம்.பி. ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சராக இருந்த நேரம். திண்டிவனத்தில் தொடங்கி வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா ரோடு, சோளிங்கர் வழியாக ஆந்திராவின் நகரி வரை சுமார் 180 கிலோமீட்டர். நிலம் எடுப்பதில் இழுபறி, பணம் ஒதுக்குவதில் இழுபறி, இத்தனை வருஷமாக எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டுப் புளித்த பாட்டு. ஆனால் அந்த 180 கிலோமீட்டரில் புதிதாக நிலம் தேட வேண்டிய அவசியமில்லாத துண்டு ஒன்று உண்டென்றால் அது இந்த வாலாஜா ரோடு – ராணிப்பேட்டை பழைய பாதைதான். அகலப்பாதையாகவே போட்டது, மெயின் லைனோடு ஏற்கெனவே சேர்ந்தும் இருக்கிறது.

என் கேள்வி அவ்வளவுதான். ஆற்காடு போக வேண்டுமென்றால் பாலாற்றைத் தாண்ட வேண்டும், அதற்கு மேலும் வேலை கிடக்கிறது, சரி, அது நடக்கும்போது நடக்கட்டும். ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு மெமு வண்டியை (பக்கத்து ஊர்களுக்கு ஓடும் மின்சாரப் பயணிகள் ரயிலை) இப்போதே விட்டால் என்ன? 2019இல் எங்களைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், கலெக்டர் ஆபீஸ் இங்கே, சிப்காட் தொழிற்பேட்டை இங்கே, பெல் (BHEL) தொழிற்சாலை பக்கத்தில், தோல் ஷெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் மாவட்டத் தலைநகருக்குள் ஒரு பயணிகள் ரயில் கிடையாது. அரக்கோணத்திலிருந்தும் காட்பாடியிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்கள் வாலாஜா ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரோடு நசுங்கி வருகிறார்கள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ஆட்டோ கிடைக்காமல் வண்டியைக் கோட்டைவிட்டால் அடுத்த வண்டிக்குத் தேவுடு காக்க வேண்டியதுதான்.

சின்னப் பாதை, கட்டுப்படி ஆகாது என்பார்கள். சென்னைப் பக்கத்தில் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்குக்குப் புறநகர் ரயில் ஓடவில்லையா? பெயரிலேயே சைடிங் (மெயின் லைனிலிருந்து சரக்குக்காகப் பிரியும் கிளைப்பாதை) இருக்கிறது, ராணுவக் கிடங்குக்காகப் போட்ட பாதை, ஜனங்களும் போகிறார்கள் வருகிறார்கள். மெமுவுக்கு இரண்டு பக்கமும் டிரைவர் கேபின் உண்டு, எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. இவ்வளவு குட்டிப் பாதையில் ஒரே நேரத்தில் ஒரு வண்டி மட்டும் என்று வைத்துக்கொண்டால் நடுவில் பெரிய சிக்னல் ஏற்பாடும் தேவைப்படாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும், அது எங்கும் உள்ள விதிதான்.

பயணிகள் வண்டியோ சரக்கு வண்டியோ, எது வந்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் வண்டி வராத பாதை என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் மேலேயே நடந்து போகிறார்கள், பைக்கைக் குறுக்கே இறக்கி ஏற்றுகிறார்கள், ஒரு வீட்டுக் கொடிக்கயிறே தண்டவாளத்துக்கு மேலே போகிறது. சைடிங்கில் பல நேரம் எஞ்சின் பின்னால் இருந்துகொண்டு வேகன்களை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். ஹாரன் கடைசியில் இருக்கும், முன்னால் வருகிற காலி வேகன் சத்தமே போடாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்கிற பையனுக்கு அது எப்படித் தெரியும்? குறுக்குச் சாலைகளில் கேட்டும் கேட் கீப்பரும் போட்டுவிட்டு, தெருத்தெருவாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் வண்டியை விடட்டும்.

உங்கள் நிருபர் யாராவது சென்னைக் கோட்ட ரயில்வே அலுவலகத்தில் மூன்று விஷயம் கேட்டு எழுதினால் போதும்: இப்போது நடக்கும் வேலை எதற்கு, எப்போது முடியும், பயணிகள் ரயில் கணக்கில் இருக்கிறதா இல்லையா. நாங்கள் தனியாகப் போய்க் கேட்டால் மேலதிகாரியைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள், பத்திரிகை கேட்டால் ஒரு பதிலாவது வரும்.

இப்படிக்கு,
ராணிப்பேட்டை வாசகர் ஒருவர்