மானிய இன்ஜினோடு சரியான காத்தாடியும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாட்டுப்படகு மீனவர்களின் பெட்ரோல் செலவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வலை பின்னும் கொட்டகையில் நான்கைந்து பேர் உட்கார்ந்து படித்தோம். எரிபொருள் விலை, மீன்பாடு குறைந்தது, கடன் எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் அத்தனை பெட்ரோலையும் வாங்கித் தண்ணீரைத் தள்ளுகிற காத்தாடியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. புத்தகத்தில் புரொப்பெல்லர் என்பார்கள், நாங்கள் காத்தாடி என்போம். பெட்ரோல் விலையைக் குறைப்பது எங்கள் கையில் இல்லை. காத்தாடியை மாற்றுவது எங்கள் கையில் இருக்கிறது. இது தெரியாமல் முதல் மூன்று மாதம் நான் காசைக் கடலில் கொட்டினேன்.

நான் எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரன். அப்பாவோடு கட்டுமரம் ஏறியவன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் ஃபைபர் படகு பெருகியபோது நானும் அதற்கு மாறினேன். பழைய இன்ஜின் போனதும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற இன்ஜின் ஒன்று புதிதாக எடுத்தேன். விற்றவர்கள் பெட்டியில் வந்த காத்தாடியையே மாட்டி, என்னையும் தம்பியையும் மட்டும் ஏற்றி ஆற்றில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்கள். வெறும் படகு பறந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலை நாலு ஆள், வலை, ஐஸ் பெட்டி, இரண்டு கேன் பெட்ரோல் என்று ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் தாண்டினால் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகியும் இன்ஜின் முக்குகிறது. எவ்வளவு திருகினாலும் சத்தம் ஒரே கனத்தில் நிற்கிறது, மேலே ஏறவில்லை. பத்து நாளில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருக்கிறது. விற்ற இடத்தில் போய்க் கேட்டேன். "புது இன்ஜின்ணா, ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். ஓடியது. சரியாகவில்லை.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் விஷயத்தைப் புரிய வைத்தார். இன்ஜினைத் திறக்கவே இல்லை அவர். காத்தாடியின் குடத்தை, அதாவது றெக்கைகள் சேர்ந்திருக்கும் நடுப்பகுதியைத் துணியால் துடைத்து, அதில் பொறித்திருந்த எழுத்தைக் காட்டி, "இத படிடா" என்றார். ஒன்பதேகால், பெருக்கல் குறி, ஒன்பது என்று இருந்தது. முதல் எண் விட்டம், அதாவது றெக்கை சுழலும் வட்டம் எத்தனை அங்குல அகலம் என்பது. இரண்டாவது எண் பிட்ச். மரத்தில் திருகாணி முடுக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு அளவு உள்ளே இறங்கும் இல்லையா, அதுபோலத் தண்ணீர் கொஞ்சமும் வழுக்காவிட்டால் காத்தாடி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்கிற கணக்கு அது.

அவர் அங்கேயே போனை எடுத்துக் கணக்குப் போட்டார். என் இன்ஜினில் பல்சக்கர விகிதம் 2.08. மேலே இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் கீழே காத்தாடி சுமார் 2,400 சுற்றுதான் சுற்றும். சுற்றுக்கு ஒன்பது அங்குலம் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 18 கடல் மைல் போக வேண்டும். வழுக்கலுக்கு முப்பது சதவீதம் கழித்தாலும் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. சுமை ஏற்றிய என் படகு ஜிபிஎஸ்ஸில் காட்டுவதோ ஏழு. "ரெண்டு பேர் ஜாலியா போற சின்ன போட்டுக்கு வச்ச காத்தாடிடா இது. நீ ஒரு குடும்பத்தையே ஏத்திக்கினு போற" என்றார். ஆள் நிறைந்த ஷேர் ஆட்டோவை டாப் கியரில் மேம்பாலம் ஏற்றினால் என்ன ஆகுமோ, அதைத்தான் மூன்று மாதமாக என் இன்ஜினுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

பிளக் வயரில் சுற்றிக் கட்டுகிற சின்ன ஆர்பிஎம் மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அது காட்டும். அதன் விலை பெரிதில்லை, படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டியது. முழுச் சுமையோடு, முழு ஆக்சிலேட்டரில் அது 4,600 காட்டியது. என் இன்ஜின் கையேட்டில் போட்டிருப்பது 5,000 முதல் 6,000 வரை. இந்த எண் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அவரவர் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே நின்று முக்கினால் இன்ஜின் சூடேறும், கரி பிடிக்கும், பிஸ்டன் சீக்கிரம் போகும். வரம்பைத் தாண்டி அலறினால் பிட்ச் போதவில்லை என்று அர்த்தம், அதுவும் இன்ஜினுக்குக் கேடுதான். பிட்ச் ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும் என்பது மெக்கானிக்குகளின் வழக்கக் கணக்கு.

ஏழு அங்குல பிட்ச் காத்தாடி ஒன்றை மாட்டினேன். அதே ஆட்கள், அதே வலை. மீட்டர் 5,050 காட்டியது. வேகம் ஒன்றும் பறந்துவிடவில்லை, ஏழு ஏழரை ஆயிற்று, அவ்வளவுதான். ஆனால் பழைய ஏழைத் தொட இப்போது ஆக்சிலேட்டரை முழுதாகத் திருக வேண்டியதில்லை. எண்ணூர் திட்டுக்கு அப்பால் போய் வலை விட்டு வருகிற நாளில் இரண்டு மூன்று லிட்டர் மிச்சமாகிறது. வாடைக்காற்றில் எதிர்த்து வரும்போது இன்ஜின் திணறுவதில்லை. மாதத்துக்கு இருபது நாள் போகிறவன் கணக்குப் போட்டால் காத்தாடியின் விலை எத்தனை சீக்கிரம் திரும்பும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களே, எங்கள் பகுதிக்கென்று இன்னொரு தொல்லை இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பலும் சேறும் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. முகத்துவாரத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கரை நெடுகத் தூண்டில் வளைவுக் கற்கள், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியவை. அலுமினியக் காத்தாடி மணலில் உரசி உரசி ஓரம் தேயும், கல்லில் பட்டால் நுனி மடங்கும். மடங்கியதைப் பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு ஓட்டுகிறோம். நானும் செய்திருக்கிறேன். மூன்று றெக்கையில் ஒன்று மட்டும் வேறு சாய்வுக்குப் போய்விடும். கைப்பிடியில் நடுக்கம் தெரியும், அந்த நடுக்கம் தண்டையும் பேரிங்கையும் தின்னும். அலுமினியம் வேண்டாம், துருப்பிடிக்காத ஸ்டீல் போடலாமே என்பார்கள். ஸ்டீல் காத்தாடி வளையாதுதான், ஆனால் கல்லில் பட்ட அடி றெக்கையில் நிற்காமல் கியர் வரைக்கும் போகும். எங்கள் ஆற்றுக்கு அலுமினியமே நல்லது என்பது என் முடிவு. காத்தாடி உடைந்தால் வேறு வாங்கலாம், கியர் உடைந்தால் அந்த சீசனே போச்சு.

காத்தாடியின் குடத்துக்கு உள்ளே ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. அடிபட்டால் அது வழுக்கிக் கொடுத்து கியரைக் காப்பாற்றும். அது கிழிந்துவிட்டதை வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் குப்பத்துப் பையன் ஒருவன் திட்டுக்கு அருகில் மாட்டிக்கொண்டு போன் செய்தான். "அண்ணா, ரேஸ் குடுத்தா சத்தம் மட்டும் வருது, போட் நவுரல." இன்ஜினில் கோளாறு என்று நினைத்து நடுக்கடலில் கார்ப்புரேட்டரைக் கழற்றப் பார்த்திருக்கிறான். மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரேஸ் கொடுத்து வா என்றேன். நடை வேகத்தில் கரை சேர்ந்தான். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. காத்தாடியின் பின்பக்கம், உள் வளையத்திலிருந்து வெளிக் குடம் வரை பெயின்டால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். ஒரு நாள் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் சுற்றிவிட்டது, கடலுக்கு அந்தக் காத்தாடியோடு போகாதீர்கள்.

நரம்பு (நைலான் இழை) வலைத் துண்டும் தூண்டில் நரம்பும் அடுத்த எதிரி. காத்தாடிக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் சுற்றிக்கொள்ளும், வெளியே தெரியாது, ஆயில் சீலை அறுத்துவிடும். நான் ஒரு முறை கியர் ஆயிலை இறக்கியபோது டீக்கடைப் பால் போல வெளுத்து வந்தது, தண்ணீர் போயிருக்கிறது. அதிலிருந்து மாதம் ஒரு முறை காத்தாடியைக் கழற்றி, நரம்பு இருந்தால் எடுத்து, தண்டின் பற்களில் கிரீஸ் தடவி, புதுப் பின் போட்டு மாட்டுகிறேன். பிளக் கேப்பைப் பிடுங்கிய பிறகுதான் காத்தாடியில் கை வைப்பேன், மற்றவர்களும் அப்படியே செய்யட்டும்.

நான்கு றெக்கைக் காத்தாடி நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். சுமையோடு மெதுவாகப் போகிற படகுக்கு, அலையில் பின்பக்கம் தூக்கி இறங்குகிற படகுக்கு அது தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். சுற்று கொஞ்சம் குறையும் என்பதால் பிட்சை அதற்கேற்றபடிப் பார்த்து எடுக்க வேண்டும். காத்தாடியைக் குறை சொல்வதற்கு முன்னால் இன்ஜின் மாட்டிய உயரத்தையும் பாருங்கள். காத்தாடிக்கு மேலே இருக்கும் தட்டுப் பலகை படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும், எந்தக் காத்தாடி மாட்டினாலும் பலன் இல்லை.

மீன்வளத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். மானியத்தில் இன்ஜின் தருகிறீர்கள், நன்றி. பெட்டியில் வந்த காத்தாடியோடு கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். வலை, ஐஸ், ஆட்களோடு ஒரு முறை கடலில் ஓட்டி, மீட்டர் பார்த்து, அந்தப் படகுக்கு ஏற்ற பிட்ச்சை மாட்டிய பிறகு கையெழுத்து வாங்கச் சொல்லி விற்பவர்களுக்கு நிபந்தனை போடுங்கள். மாற்றுக் காத்தாடி ஒன்றையும் மானியப் பட்டியலில் சேருங்கள். இன்ஜின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், துறை அதிகாரிகள் காசிமேட்டில் படகுகளை ஆய்வு செய்ய வருவார்கள். அப்போதே எண்ணூர், திருவொற்றியூர், பழவேற்காடு குப்பங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கி, ஒரு மீட்டரும் நாலைந்து அளவுக் காத்தாடிகளும் கொண்டுவந்து எங்கள் படகுகளில் மாட்டிப் பார்க்கலாம்.

அதுவரை யாரும் காத்திருக்க வேண்டாம். என் வீட்டில் ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று பிட்சிலும் காத்தாடி இருக்கிறது, மீட்டரும் இருக்கிறது. என் இன்ஜின் மாதிரியே தண்டில் பல் அளவு ஒத்துப்போகிற யாரும் எடுத்துப்போய், சுமையோடு ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். காசு வேண்டாம். மீட்டரில் என்ன எண் வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும், ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஃபைபர் படகு மீனவர்,
நெட்டுக்குப்பம், எண்ணூர்.