பல்சக்கரத்தைப் பூட்டும் லாக்ரிங் வளையம் இல்லாத ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) ஃபிக்ஸட் கியர் என்று விற்றது பற்றிய புகார்

அனுப்புநர்:
ஓவர்போர்ட் வாடிக்கையாளர், டர்பன்

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
சைக்கிள் விற்பனை நிலையம், டர்பன்

பொருள்: ஓடும்போதே பின் பல்சக்கரம் கழன்ற சைக்கிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடையில் 4,800 ராண்டுக்கு நான் வாங்கிய ஃபிக்ஸட் கியர் (பெடலும் பின் சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும்) சைக்கிளின் பின் பல்சக்கரம் ஓடும்போதே மரையை விட்டுக் கழன்றது. உங்களிடம் கொண்டுவந்தேன், சரிசெய்து கொடுத்தீர்கள். சில வாரங்களில் மறுபடியும் கழன்றது. கடையில் நாம் தமிழில் பேசித்தான் வியாபாரம் முடித்தோம், அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியும் இணைத்திருக்கிறேன், அது பிறகு வேறு இடத்துக்கும் தேவைப்படலாம்.

என் தேவை என்ன என்பதை வாங்க வந்த அன்றே விளக்கமாகச் சொன்னேன். வீடு ஓவர்போர்டில், வேலை கிரே ஸ்ட்ரீட் பக்கம். காலையில் பெரியா (Berea) மேட்டிலிருந்து, நாமெல்லாம் இன்னும் சிட்னம் ரோடு என்றே சொல்கிற ஜான் ஸிக்காலி சாலையில் இறங்கி, தாவரவியல் பூங்காவைத் தாண்டி, வார்விக் சந்திப்பு நெரிசலில் புகுந்து போக வேண்டும். சாயங்காலம் அதே மேட்டில் ஏறி வர வேண்டும். ஐயாயிரம் ராண்டுக்குள், அதிகம் பழுது வராத, மழையிலும் ஓட்டக்கூடிய சைக்கிள் வேண்டும் என்றேன். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. “அப்படியானால் ஃபிக்ஸிதான் சரி, இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப், ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் (பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும் வகை), ஃப்ரேம் க்ரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு)” என்று சொல்லி, பில்லின் பின்னாலும் எழுதிக் கொடுத்தீர்கள். அந்தப் பில் என்னிடம் இருக்கிறது.

ஃபிக்ஸட் கியரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. கியர் மாற்றும் சாமான்கள் எதுவும் கிடையாது, ஒரு செயின், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், அவ்வளவுதான். குறைந்த விலையில் வேலைக்குப் போய்வர இதைவிடத் தோதான அமைப்பு இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். விலை குறைவான சைக்கிளில் சீட் கட்டை மாதிரி இருக்கும், பெடல் பிளாஸ்டிக்காக இருக்கும், பெயின்ட் சீக்கிரம் உரியும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மிச்சம் பிடிக்கவே கூடாத இடங்கள் பின் ஹப்பும் பிரேக்கும். நீங்கள் மிச்சம் பிடித்ததே அங்கேதான்.

முதல் முறை நடந்தது இது. இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கக் காலால் பின்னுக்கு அழுத்துவது இந்த வகை சைக்கிளில் வழக்கம். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடலைத் தடுத்தால் சக்கரத்தின் வேகமும் குறையும். தாவரவியல் பூங்கா அருகே அப்படி அழுத்தியபோது, பெடல் பிடிமானமே இல்லாமல் பின்னுக்குச் சுழன்றது. செயின் தொங்கிவிட்டது. பின்னால் ஒரு மினிபஸ் டாக்சி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. முன் பிரேக்கைப் பிடித்து, நடைபாதை ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

அந்த முன் பிரேக்கும் நான் வற்புறுத்தி, தனியாகக் காசு கொடுத்து மாட்டச் சொன்னது. உங்கள் கடைத் தம்பி, “காலாலேயே ஸ்கிட் அடித்து (பின் சக்கரத்தைச் சுற்றவிடாமல் தடுத்துச் சறுக்கி) நிறுத்தலாம் அண்ணா, பிரேக் மாட்டினால் வண்டியின் அழகே போய்விடும்” என்றார். அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மாட்டியிருப்பது முன்னால் 48 பல், பின்னால் 16 பல். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஒரே காலை முன்வைத்து ஸ்கிட் அடித்தால் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும், நூல் தெரிய நாளாகாது. பின்னால் 17 பல் இருந்தால் அந்தத் தேய்மானம் பதினேழு இடங்களுக்குப் பிரிந்துவிடும். ஸ்கிட் அடிக்கச் சொல்லி விற்பவர் இதையாவது பார்த்திருக்க வேண்டாமா?

சரி, ஹப்புக்கு வருகிறேன். முதல் முறை கொண்டுவந்தபோது, “டைட் பண்ணிவிட்டோம், இனி பிரச்சினை இல்லை” என்று ஒப்பேற்றி அனுப்பினீர்கள். இரண்டாம் முறை கழன்றதும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரை எடுத்து நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். மரை முழுக்க, கழலாமல் இருக்கப் போடும் சிவப்புப் பசையின் தூள். துடைத்தால் துணியில் அலுமினியப் பொடி மின்னுகிறது. வெளிப்பக்க மரையின் விளிம்புகள் மழுங்கிவிட்டன. பல்சக்கரத்துக்கு மேல், லாக்ரிங்குக்குப் பதிலாக, பெடல் அச்சுக்குப் போடுகிற வளையம் ஒன்றை மாட்டியிருக்கிறீர்கள்.

ஃபிக்ஸட் ஹப்பில் இரண்டு படியாக மரை இருக்கும். உள்ளே பெரிய படி, பல்சக்கரத்துக்கு, வலது மரை. அதற்கு வெளியே சற்றுச் சிறிய படி, லாக்ரிங்குக்கு, இடது மரை. பின்னுக்கு அழுத்தும்போது பல் கழலப் பார்க்கும். ஆனால் லாக்ரிங்கின் மரை எதிர்ப்பக்கம் என்பதால் அது திரும்பத் திரும்ப இறுகத்தான் செய்யும். பல் நகர வழியில்லை. நீங்கள் தந்த ஹப்பின் இரண்டு பக்கத்திலும் ஒரே ஒரு படிதான். அது ஃப்ரீவீலுக்கான ஹப். அதே மரையில் ஃபிக்ஸட் பல்லும் ஏறிவிடும், பெடல் அச்சின் வளையமும் ஏறிவிடும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் எல்லாமே ஒரே திசை மரை, பின்னுக்கு அழுத்தினால் பல்லும் வளையமும் சேர்ந்தே கழலும். பசை போட்டு நிறுத்துகிற விஷயமா இது? ஃபிக்ஸட் ஹப் என்று சொல்லி ஃப்ரீவீல் ஹப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். க்ரோமோலி என்றீர்கள், பெடல் அச்சுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஹை-டென் என்று இருக்கிறது. ஹை-டென் இரும்பு மோசமானது இல்லை, கனம் கூடுதல், ஆனால் உழைக்கும். அதை அப்படியே சொல்லி விற்றிருக்கலாம். மட்கார்டு போடலாம் என்றீர்கள், ஃப்ரேமில் அதற்கான துளையே இல்லை, டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரல்கூட நுழையாது. டர்பனில் கோடை முழுக்க மழை என்பது உங்களுக்குத் தெரியாதா? 48-16 பல்லோடு மூச்சுவாங்கப் பெரியா மேடு ஏறுவதைப் பற்றிக் கேட்டதற்கு, பின்னால் பெரிய பல்சக்கரம் தனி விலை என்றார் தம்பி. ஓவர்போர்ட் என்று சொல்லித்தானே வாங்கினேன்.

கடைசியாகப் பேசியபோது, “தள்ளுபடியில் வாங்கிய சாமானுக்குப் பணம் திரும்பக் கிடையாது, பில்லிலேயே அச்சடித்திருக்கிறது” என்றீர்கள். அது சப்பைக்கட்டு. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு பில்லின் அடியில் அச்சடித்த வரி பறித்துவிட முடியாது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குபவர் குறிப்பாகச் சொல்லி, விற்பவரும் விவரம் தெரிந்தவராக நடந்துகொண்டால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் விற்றவர் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம், பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பது வாங்கியவர் விருப்பம் என்கிறது 56ஆம் பிரிவு. பழுதுபார்த்து மூன்று மாதத்துக்குள் மறுபடி அதே குறை வந்தால், பொருளை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நான் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. நீங்கள் பசை போட்டு மூன்று மாதமும் ஆகவில்லை.

எனவே சைக்கிளை எடுத்துக்கொண்டு 4,800 ராண்டையும், முன் பிரேக்குக்குத் தனியாக வாங்கிய தொகையையும் இந்த மாத முடிவுக்குள் திருப்பித் தாருங்கள். அப்படியில்லாமல் வேறு சைக்கிள் தருவதாக இருந்தால், இரட்டைப் படி மரையும் லாக்ரிங்கும் உள்ள ஹப், மட்கார்டுக்குத் துளை, பின்னால் 18 பல், இவை மூன்றும் இருக்க வேண்டும். கடையில் நான் கண்ணால் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வேன். இன்னொரு முறை டைட் பண்ணித் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம்.

பதில் வராவிட்டால் இதே கடிதம் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகும். அப்புறம், இதே ஹப்போடு நீங்கள் விற்ற மற்ற சைக்கிள்களை வாங்கியவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களில் எத்தனை பேர் முன் பிரேக் மாட்டியிருப்பார்கள் என்பது உங்கள் தம்பிக்குத்தான் தெரியும்.

வண்டியை எடுத்துப்போக ஆள் அனுப்புவதானால் சனிக்கிழமை காலை வரலாம். பின் சக்கரம் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறேன், அதை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓவர்போர்ட் வாடிக்கையாளர்

இணைப்பு: பில்லின் இரண்டு பக்கப் பிரதி, ஹப் மரையின் படங்கள், ஃப்ரேம் ஸ்டிக்கரின் படம், ஆங்கிலப் பிரதி