தேர்தல் வரை அசையாத டீசல்

ஐயா,

தேர்தலும் பொருளாதாரமும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஜனநாயகம் புதிதாக வந்த நாடுகளில்தான் தேர்தல் ஆண்டில் அரசு அள்ளி விடும், பற்றாக்குறை வீங்கும். பழகிய நாடுகளில் அது எடுபடாது என்கிறது. பட்ஜெட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நாங்கள் பார்ப்பது பங்க் மீட்டரை.

நாமக்கல்லில் ஒரே ஒரு லாரி வைத்துப் பிழைக்கிறேன். டீசல் விலையை அரசு 2014-லேயே சந்தையிடம் விட்டுவிட்டது. 2017 ஜூனிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று ஏற்பாடு. ஆனால் 2021 நவம்பர் தொடங்கி 137 நாள் சென்னையில் டீசல் 91 ரூபாய் 43 காசிலேயே நின்றது. அதற்குள் கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலரைத் தாண்டிவிட்டது. உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உட்பட ஐந்து மாநிலத் தேர்தலும் நடந்து முடிந்தது. மார்ச் 10-ல் முடிவு வந்தது, 22-ல் ஏற ஆரம்பித்தது. 16 நாளில் 14 தடவை, மொத்தம் ஒன்பதரை ரூபாய்.

அப்போது என் வண்டி லோடோடு வடக்கே போயிருந்தது. வாடகை பேசியது பழைய விலைக்கு. டேங்க் நிரப்பும்போதெல்லாம் டிரைவர் போன் போட்டு, "அண்ணே, இன்னைக்கும் எண்பது காசு" என்பார். போக வர ஆயிரத்து நூறு லிட்டர். லோடு ஏற்றிவிட்ட பார்ட்டியிடம் கூடக் கேட்டதற்கு, பேசினது பேசினதுதான் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த 137 நாள் சுமை எண்ணெய் நிறுவனங்களின் கணக்கில் கிடந்தது. நிதிப் பற்றாக்குறையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அமெரிக்காவைவிடப் பழகிய ஜனநாயகம் உண்டா? அங்கே 1972-ல் முதியோர் ஓய்வூதியம் ஒரேயடியாக 20 சதவீதம் உயர்ந்தது. கூடுதல் பணம் கைக்கு வந்தது அக்டோபரில், வாக்குப்பதிவு நவம்பர் 7-ல், அதற்கான சம்பளப் பிடித்தம் கூடியது ஜனவரியில். இலங்கையில் 1931 முதலே எல்லோருக்கும் வாக்குரிமை. 2019 நவம்பர் தேர்தலில் சொன்னபடி அடுத்த மாதமே வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாக்கினார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனுக்குக் கைவிரித்தார்கள். நடுவில் கொரோனாவும் வந்தது, மறுக்கவில்லை.

அடுத்த முறை பட்ஜெட் அட்டவணைக்குப் பக்கத்தில் டீசல் விலையையும் தேர்தல் தேதியையும் போடுங்கள். எங்கள் புக்கிங் ஆபீஸ் காலண்டரில் வாக்கு எண்ணும் நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த வார லோடுக்கு இப்போதெல்லாம் நான் முன்கூட்டி வாடகை பேசுவதில்லை.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
நாமக்கல்