மழலையர் உடலியக்க அளவீடு: பெற்றோர் ஒப்புதல் வேண்டி

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

நம் மழலையர் வகுப்புகளில் உள்ள 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடியாடுகிறார்கள் என்பதை, உடலில் அணியும் சிறு உணரியின் உதவியால் ஒரு வார காலம் அளந்தறிய விரும்புகிறோம். அதற்குத் தங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை வேண்டுகிறேன்.

இவ்வயதினர் நாள்தோறும் குறைந்தது 180 நிமிடங்கள் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், அதில் 60 நிமிடங்களேனும் மிதமானதாகவோ தீவிரமானதாகவோ இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்துள்ளது. நம் பள்ளி அதற்கு இடம் தருகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது கடினம். சில விநாடிகள் பாய்ந்தோடி, சட்டென்று நின்று, தரையில் எதையோ குனிந்து பார்த்துவிட்டு மீண்டும் ஓடுவதே குழந்தைகளின் இயல்பு. நிமிடக் கணக்கில் பதிந்தால் இந்தக் குறும்பாய்ச்சல்கள் சராசரியில் கரைந்துவிடும். ஆகவே 15 விநாடிக்கு ஒருமுறை கணக்கிடும்படி உணரியை அமைக்கிறோம்.

இடுப்புப் பட்டையில் பொருத்தப்படும் இந்த உணரி (முடுக்கமானி), மூன்று திசைகளிலும் உடல் அசையும் வேகமாற்றத்தை மட்டுமே பதிகிறது. படம், குரல், இருப்பிடம் எதையும் பதியாது. இடுப்பு அதிகம் அசையாத மிதிவண்டிப் பயணத்தை அது குறைத்தே காட்டும். கழற்றிவைத்த நேரமும் அசையாதிருந்த நேரமும் அதற்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். எனவே குளிக்கவும் உறங்கவும் கழற்றும் வேளைகளை உடன் வரும் தாளில் குறித்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கணக்கு சரியாக அமைவது பெருமளவு அந்தத் தாளைப் பொறுத்தது. விடுமுறை நாள்களின் இயக்கம் பள்ளி நாள்களிலிருந்து வேறுபடும் என்பதால் அந்நாள்களிலும் அணிவிக்க வேண்டும்.

கருவி இருக்கிறதே என்று குழந்தையைக் கூடுதலாக ஓடச் சொல்லாதீர்கள். வழக்கமான வாரமே எங்களுக்குத் தேவை. எந்த அசைவைத் தீவிரம் எனக் கொள்வது என்பதற்கான எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால், கிடைக்கும் எண்களை வேறு கருவிகளின் எண்களோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. எந்தக் குழந்தைக்கும் இதை வைத்துத் தரவரிசையோ மதிப்பெண்ணோ இடமாட்டோம். நாங்கள் சோதிப்பது குழந்தைகளை அன்று, நம் கால அட்டவணையையே. அவர்களை நெடுநேரம் உட்காரவைக்கும் பாடவேளைகள் எவை என்று தெரிந்தால் அவற்றை மாற்றியமைப்போம்.

பட்டை உறுத்துகிறது என்றோ வேண்டாம் என்றோ குழந்தை சொன்னால் உடனே கழற்றிவிடலாம், காரணம் கேட்கமாட்டோம். இணைப்பிலுள்ள படிவத்தில் தங்கள் முடிவைக் குறித்து வகுப்பாசிரியரிடம் அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்