ஆசிரியர் கல்விக் கலைத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மாணவ ஆசிரியர்களின் கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிடும் பணியில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அண்மையில் ஒரு வகுப்பில் நீர்ச்சுழற்சி பாடம் நடந்தது. கடல், மேகம், மழை, ஆறு என்று நீல அம்புகள் சுற்றிவரும் விளக்க அட்டையை மாணவ ஆசிரியர் மிக நேர்த்தியாக வரைந்திருந்தார். பாடம் முடியும் வேளையில் ஒரு சிறுமி எழுந்து, "தண்ணி எல்லாம் மழையாத் திரும்பி வந்துடும்னா, எதுக்கு டீச்சர் மிச்சம் பிடிக்கணும்?" என்று கேட்டாள். அவர் சற்று நேரம் அட்டையையே பார்த்துவிட்டு, "தண்ணீரை வீணாக்குவது தவறு" என்று மட்டும் சொன்னார்.

அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உலக நீரில் நன்னீர் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் காற்றில் ஏறிய நீராவி சராசரியாகப் பத்து நாள்களுக்குள் மழையாக இறங்கிவிட, ஆழத்து நிலத்தடி நீர் ஊறிச் சேர நூற்றாண்டுகளும், சில இடங்களில் பல்லாயிரம் ஆண்டுகளும் ஆகின்றன என்பதையும், ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் சுழற்சி நிற்காமலேயே கிணறு வற்றும் என்பதையும் நாம் அவருக்குக் கற்பிக்கவில்லை. சிறுமி கேட்டதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

குழாயை மூடச் சொல்வது நல்ல பழக்கமே. எனினும் மனிதர் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்கிறது. ஒரு பருத்திச் சட்டைக்குப் பின்னால் ஏறத்தாழ 2,700 லிட்டர் மறைநீர், அதாவது அதை உருவாக்கச் செலவாகியும் நம் கண்ணில் படாத நீர், இருக்கிறது. இவை பாடக்குறிப்புகளில் இடம்பெற நான் கண்டதில்லை.

தேர்வுக்கென இன்னோர் அலகைச் சேர்க்குமாறு நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மாணவ ஆசிரியரும் தாம் பயிலும் நிறுவனத்தின் நீர்க்கணக்கைத் தம் கையால் எழுதட்டும்: நீர் எங்கிருந்து, எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது, எவ்வளவு செலவாகிறது, கழிவாகி எங்கே போகிறது. என் மாணவ ஆசிரியர் குழுவினர் ஒழுகும் குழாயொன்றின் கீழ் 200 மில்லிலிட்டர் குவளையை வைத்தார்கள். பத்து நிமிடத்தில் அது நிரம்பியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 29 லிட்டர் என்று கணக்குப் போட்டதும், எவரும் சொல்லாமலே பம்ப் இயக்குபவரிடம் போய் ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தை விசாரித்தார்கள்.

இப்பணிக்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் ஒதுக்கினால்தான் கால அட்டவணையில் இதற்கு நேரம் கிடைக்கும் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்